பள்ளு ‘பல்லு’ ஆனால் புத்தகம் எங்கே போகும்?

நூலகத்தில் ஒரு புத்தகம் காணாமல்போகத் திருடனோ கறையானோ வரவேண்டியதில்லை. பட்டியலில் ஏற்றுகிறவர் ‘முக்கூடற்பள்ளு’ என்பதை ‘முக்கூடற்பல்லு’ என்று அடித்துவிட்டால் போதும். புத்தகம் அலமாரியில் அதன் இடத்தில்தான் நிற்கும். சேர்க்கைப் பதிவேட்டில் எண் இருக்கும். ஆண்டுக் கணக்கெடுப்பில் ‘உள்ளது’ என்று டிக் விழும். ஆனால் தேடி வரும் மாணவிக்கு அது இல்லை. நூலகரிடம் கேட்டால் அவரும் அதே கணினியில்தான் தட்டிப் பார்ப்பார்; அவருக்கும் இல்லை.

நூலக அறிவியல் படிக்காதவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஊர் வாசகசாலைக்குக் கணினியில் பட்டியல் போட உட்கார்ந்திருப்பவர், வீட்டில் சேர்ந்துபோன புத்தகங்களை எக்செல்லில் ஏற்றுகிறவர், பழைய நூல்களை ஸ்கேன் செய்து இணையத்தில் போடும் தன்னார்வலர், ‘இந்த நூலகத்தில் எதைத் தேடினாலும் கிடைப்பதில்லை’ என்று அலுத்துக்கொள்ளும் வாசகர் என எல்லோருக்கும் இதில் கொஞ்சம் வேலை இருக்கிறது. உதாரணங்கள் எல்லாம் தமிழ்ப் புத்தகங்களிலிருந்துதான். தமிழ்ப் பட்டியலுக்கு வரும் தலைவலிகள் தனி ரகம்.

மெட்டாடேட்டா என்ற சொல்லைக் கண்டு மிரளவேண்டாம். புத்தகத்துக்குள் இருப்பது ஒன்று. புத்தகத்தைப் பற்றி நாம் எழுதிவைப்பது இன்னொன்று. தலைப்பு, ஆசிரியர், பதிப்பாளர், ஊர், ஆண்டு, பக்கம், மொழி, பொருள், அலமாரியில் நிற்கும் இடத்தின் எண் என்று இரண்டாவதாகச் சொன்ன எல்லாமே மெட்டாடேட்டாதான். கணினிக்கு நெடுங்காலம் முந்தியது இது. 1865இல் ஜான் மர்டாக் அச்சான தமிழ் நூல்களைப் பொருள்வாரியாகப் பிரித்துச் சென்னையில் ஒரு பட்டியல் வெளியிட்டார். அதில் முழுக்க இருப்பது இந்தச் சங்கதிதான்.

பட்டியல் எதற்கு என்பதை 1876இல் அமெரிக்க நூலகர் சார்லஸ் கட்டர் தெளிவாக எழுதிவைத்தார். ஆசிரியர் பெயரோ தலைப்போ பொருளோ, ஏதாவது ஒன்று தெரிந்தால் வாசகர் புத்தகத்தைக் கண்டுபிடிக்க முடியவேண்டும். ஓர் ஆசிரியர் எழுதியவற்றில், ஒரு பொருளைப் பற்றியவற்றில் நூலகத்திடம் என்னென்ன இருக்கின்றன என்பதும் தெரியவேண்டும். சீர்காழியில் பிறந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரான எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. கட்டர் சொன்னதும் இவர் சொன்னதும் ஒரே இடத்தில்தான் போய் முடிகின்றன.

அந்தக் காலத்தில் இந்த விவரங்கள் சிறு அட்டைகளில் இருந்தன. மர இழுப்பறைகளில் அகரவரிசையில் அடுக்கி, கீழே ஓட்டை போட்டுக் கம்பி கோத்திருப்பார்கள், யாரும் உருவிக்கொண்டு போகாமல் இருக்க. அட்டைக்கு முதல் எழுத்துதான் உயிர். ‘இராமலிங்கம்’ ஓர் இழுப்பறை, ‘ராமலிங்கம்’ வேறோர் இழுப்பறை. கணினி வந்ததும் முதல் எழுத்தின் அதிகாரம் போயிற்று. பதிவின் நடுவில் இருக்கும் சொல்லைக் கொண்டும் பிடித்துவிடலாம். ஆனால் ஒன்றை இழந்தோம். அட்டைகளைத் தள்ளிக்கொண்டே போகிறவரின் கண்ணில் பிழையான அட்டையும் தற்செயலாகப் படும். கணினியில் அப்படி எதுவும் எதிர்ப்படாது. எழுத்துக்கு எழுத்து பொருந்தினால் காட்டும், இல்லாவிட்டால் ‘முடிவுகள் இல்லை’. கூகிளில் தப்பாக அடித்தாலும் ‘இதையா தேடுகிறீர்கள்?’ என்று கேட்டுப் பழகிவிட்டது நமக்கு. நூலக மென்பொருள் பலவற்றுக்கு அந்தத் தயவு கிடையாது, தமிழில் அறவே குறைவு.

எண் போட்ட கட்டங்கள்

1960களில் அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸில் ஹென்ரியட் ஆவ்ரம் என்ற கணினி நிபுணர் அட்டையில் இருந்த விவரங்களைக் கணினிக்குப் புரியும்படி எண் போட்ட கட்டங்களாக மாற்றினார். மார்க் என்று பெயர். 100 என்றால் முதன்மை ஆசிரியர், 245 தலைப்பு, 246 தலைப்பின் வேறு வடிவங்கள், 650 பொருள் தலைப்பு, 700 உரைகாரர், பதிப்பாசிரியர், மொழிபெயர்ப்பாளர் போன்ற பிறர். உலகம் முழுக்க நூலகங்கள் இன்றும் இந்த எண்களில்தான் பேசிக்கொள்கின்றன. நம் ஊர்க் கல்லூரி நூலகங்கள் பலவும் வைத்திருக்கும் கோஹா என்ற இலவச மென்பொருளும் (நியூசிலாந்தில் பிறந்தது, 2000 ஜனவரியில் ஓடத் தொடங்கியது) மார்க்கைத்தான் கேட்கும்.

இத்தனை கட்டம் தாங்காது என்பவர்களுக்கு 1995இல் ஒஹாயோ மாநிலத்து டப்ளின் என்ற ஊரில் நடந்த பட்டறையில் உருவான டப்ளின் கோர் இருக்கிறது. 15 விவரங்கள், அவ்வளவுதான். ஸ்கேன் செய்த நூல்களை இணையத்தில் போடுகிறவர்களுக்கு அது போதும்.

ஒரு நூலை எடுத்துக் கட்டங்களில் போட்டுப் பார்ப்போம். உ. வே. சாமிநாதையர் 1887இல் பதிப்பித்த சீவக சிந்தாமணி. பாடியவர் திருத்தக்கதேவர். உரை எழுதியவர் நச்சினார்க்கினியர். பதிப்பித்தவர் ஐயர். ஆசிரியர் கட்டத்தில் யார்? பாடியவர்தான், மற்ற இருவரும் 700இல், இன்னார் உரைகாரர், இன்னார் பதிப்பாசிரியர் என்ற குறிப்போடு. இதைச் செய்யாமல் மூன்று பெயரையும் ஒரே கட்டத்தில் காற்புள்ளி போட்டு அடுக்கிவிட்டால், நச்சினார்க்கினியர் உரை எழுதிய நூல்கள் எல்லாம் வேண்டும் என்று கேட்கிறவருக்குக் கொடுக்கப் பதில் இருக்காது. அடுத்து தலைப்பு. ‘சீவகசிந்தாமணி’ ஒரே சொல்லா, ‘சீவக சிந்தாமணி’ இரண்டு சொல்லா, ‘ஜீவக சிந்தாமணி’யா? ‘மூலமும் உரையும்’ என்பதைத் தலைப்போடு சேர்ப்பதா?

இந்த இடத்தில்தான் புதிதாக வருகிறவர்கள் திணறுவார்கள். ‘எழுத்துப் பிழையில்லாமல் போடுங்கள்’ என்று மொத்தமாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் எழுத்துத் துல்லியத்துக்கு ஒரே விதி கிடையாது. கட்டத்துக்குக் கட்டம் மாறும். தலைப்பைக் கண்டபடியே எழுதவேண்டும். பெயரையும் பொருளையும் எப்போதும் ஒரே மாதிரி எழுதவேண்டும். வாசகர் தட்டக்கூடிய மற்ற வடிவங்களுக்கு எல்லா மாதிரியும் எழுதவேண்டும். இந்த மூன்றையும் குழப்பிக்கொண்டால் எவ்வளவு கவனமாகத் தட்டினாலும் பட்டியல் தேறாது.

கண்டபடி எழுதுமிடம்

தலைப்பு எழுதும்போது நாம் நகல் எடுப்பவர்கள்; திருத்துபவர்கள் அல்ல. அச்சில் ‘சரித்திரம்’ என்றால் சரித்திரம்தான், ‘வரலாறு’ ஆக்கக்கூடாது. ‘புஸ்தகம்’ என்று இருந்தால் புஸ்தகம். வெளியிட்ட ஊர் ‘சென்னப்பட்டணம்’ என்று போட்டிருந்தால் அப்படியே. தமிழ்ப் பற்றில் பழைய தலைப்புகளைத் தூய்மைப்படுத்திவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பற்று நல்லதுதான், பட்டியலில் வேண்டாம். ஒரு பதிப்பை இன்னொரு பதிப்பிலிருந்து பிரித்துக்காட்டுவதே பல நேரம் அந்த எழுத்துதான்.

தலைப்புப் பக்கத்திலேயே அச்சுப்பிழை இருந்தால்? அப்போதும் அப்படியேதான். முன்பிருந்த ஆங்கிலோ-அமெரிக்க விதிகள், பிழையின் பக்கத்திலேயே சதுர அடைப்புக்குறிக்குள் ‘மூலத்தில் உள்ளபடி’ என்றோ சரியான வடிவத்தையோ காட்டச் சொல்லின. 2010இல் அவற்றின் இடத்துக்கு வந்த ஆர்.டி.ஏ. விதிகள் பிழையை 245இல் உள்ளபடி விட்டுவிட்டு, சரியான வடிவத்தை 246இல் போடச் சொல்கின்றன. புதிய முறை தேவலை. பிழையான தலைப்பை யாரோ ஆய்வேட்டில் அப்படியே மேற்கோள் காட்டியிருப்பார்; அதைப் பார்த்து வருகிறவருக்கும் கிடைக்கும், சரியாகத் தட்டுகிறவருக்கும் கிடைக்கும்.

நகலெடுக்கும் இடம் தலைப்புப் பக்கம், மேலட்டை இல்லை. மேலட்டையில் ஓவியரின் கைவண்ணத்தில் ஒற்று உதிர்ந்துபோயிருக்கும், சில சமயம் துணைத்தலைப்பே விழுந்துபோயிருக்கும். இரண்டும் வேறுபட்டால் மேலட்டைத் தலைப்பும் 246க்கு வரட்டும்.

தமிழுக்கு இந்த 246 இருக்கிறதே, அதற்குக் கோயிலே கட்டலாம். காரணம் சொற்களை நாம் சேர்த்தும் பிரித்தும் எழுதும் பழக்கம். ‘முக்கூடற்பள்ளு’ என்று சரியாகவே அடித்திருந்தாலும், ‘பள்ளு’ என்று மட்டும் தேடுகிறவருக்கு அது கிடைக்காமல் போகலாம். பெரும்பாலான தேடல்கள் முழுச்சொல்லை அல்லது சொல்லின் தொடக்கத்தைத்தான் ஒப்பிடும், சொல்லின் வாலைப் பார்ப்பதில்லை. 246இல் ‘முக்கூடற் பள்ளு’ என்று பிரித்து ஒன்று போட்டால் தீர்ந்தது. பழைய நூல்களில் இது இன்னும் கடுமை. ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் நிறுவிய அச்சகத்தின் பெயரை எடுத்துக்கொள்ளுங்கள்: வித்தியாநுபாலனயந்திரசாலை. ஒரே மூச்சில் ஒரே சொல். அதை ‘யந்திரசாலை’ என்றோ ‘இயந்திரசாலை’ என்றோ தேடி யாருக்குக் கிடைக்கும்?

கண்டபடி எழுதும் விதியை ஆண்டுக்கு மட்டும் முழுதாக விடமுடியாது. பழைய நூல்களில் ஆண்டு என்பது ‘சர்வஜித்து வருடம்’ என்று நிற்கும். அறுபது ஆண்டுச் சுழற்சியில் சர்வஜித்து 1887-88, 1947-48, 2007-08 என்று திரும்பத் திரும்ப வரும். இவற்றில் எது என்பதைத் தாளையும் அச்சையும் முன்னுரையையும் பார்த்து நாம்தான் தீர்மானிக்கவேண்டும். சில நூல்களில் திருவள்ளுவர் ஆண்டு இருக்கும். அதிலிருந்து 31 கழிக்கவேண்டும். 2055 என்று கண்டதும் வருங்காலப் பதிப்பு என்று பதறவேண்டாம், அது 2024. அச்சில் உள்ளதைக் குறிப்பில் எழுதுங்கள். ஆண்டுக் கட்டத்தில் வழக்கமான நான்கு இலக்கம் மட்டும் போகட்டும், ‘சுமார்’ ‘கி.பி.’ எதுவும் ஒட்டாமல். ஆண்டுவாரியாக வரிசைப்படுத்தும்போது கணினி அதைத்தான் கேட்கும்.

ஒரே மாதிரி எழுதுமிடம்

ரேஷன் கார்டில் ஒரு பெயர், ஆதாரில் இன்னொரு எழுத்து, பள்ளிச் சான்றிதழில் மூன்றாவது என்று அலைந்தவர்களுக்கு அடுத்த பகுதி சுலபமாகப் புரியும். பட்டியலில் ஆசிரியர்களுக்கும் அதே கதிதான்.

உ. வே. சாமிநாதையர், உ.வே.சா., சாமிநாத ஐயர், சுவாமிநாத ஐயர், ஸ்வாமிநாதய்யர், டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள், உத்தமதானபுரம் வே. சாமிநாதையர். எல்லாம் ஒருவரே. ஏழு பேராகப் பட்டியலில் ஏறிவிட்டால், எந்தப் பெயரில் தேடினாலும் மீதி ஆறு பெயரில் உள்ளவை தெரியாது. வாசகருக்கு ‘ஒன்றுமில்லை’ என்று வந்தாலாவது வேறு மாதிரி தேடிப் பார்ப்பார். பாதி கிடைத்தால் அதுவே முழுசு என்று நம்பிப் போய்விடுவார். இதுதான் மோசம்.

இதற்கு நூலகங்கள் வைத்திருக்கும் வழி, ஆசிரியருக்குத் தனியாக ஒரு பதிவு. அதில் ஒரு வடிவத்தைத் தலையாயதாகத் தேர்ந்து, மற்ற எல்லா வடிவங்களையும் ‘இங்கே பார்’ என்று அதோடு கட்டிவிடுவார்கள். புத்தகப் பதிவுகளில் தேர்ந்த வடிவம் மட்டும்தான் போகும், ஓர் எழுத்தும் ஒரு புள்ளியும் மாறாமல். ‘சாமிநாதையர், உ. வே., 1855-1942’ என்று பிறந்த ஆண்டையும் இறந்த ஆண்டையும் ஒட்டிவைப்பது வேறு சாமிநாதையர்களிடமிருந்து பிரிக்க. உலகின் பெரிய நூலகங்கள் வைத்திருக்கும் இத்தகைய பெயர்ப் பதிவுகளை ஒன்றோடொன்று கட்டிவைக்கும் வியாஃப் என்ற பொதுக் கோப்பும் இணையத்தில் இருக்கிறது. பிரபல ஆசிரியர் என்றால் முதலில் அதில் தேடிப் பாருங்கள், பாதி வேலை முடிந்திருக்கும்.

எந்த வடிவத்தைத் தேர்வது? மக்கள் அறிந்த வடிவத்தை. புதுமைப்பித்தனைச் சொ. விருத்தாசலம் என்ற பெயரில் போட்டு ஒளித்துவைப்பதில் லாபமில்லை; எஸ். ரங்கராஜனைத் தேடி நூலகத்துக்கு வருகிறவரை விட சுஜாதாவைத் தேடி வருகிறவர் அதிகம். ‘கல்கி’யில் ஒரு கூடுதல் சிக்கல்: அது ரா. கிருஷ்ணமூர்த்தியின் புனைபெயரும் ஆகும், 1941இல் தொடங்கிய பத்திரிகையின் பெயரும் ஆகும். ஒன்று நபர்க் கட்டத்துக்கு, மற்றது இதழின் தலைப்புக் கட்டத்துக்கு. ‘பாரதி’ என்று மட்டும் எழுதிய பதிவுகள் இன்னும் வேடிக்கை. சுப்பிரமணிய பாரதி, சுத்தானந்த பாரதி, சோமசுந்தர பாரதி மூவரும் ஒரே படியில் உட்கார்ந்திருப்பார்கள்.

தலைப்பெழுத்துகளின் கதை தனி. ‘உ.வே.சா’, ‘உ. வே. சா.’, ‘உ வே சா’ மூன்றையும் நாம் ஒன்றாகப் படிக்கிறோம். கணினி அப்படிப் படிக்கும் என்று உத்தரவாதமில்லை. புள்ளிக்குப் பின் இடம் விடுவதா வேண்டாமா என்று ஒரு நாள் முடிவுசெய்து சுவரில் ஒட்டிவையுங்கள். எது என்பது முக்கியமில்லை, மாறாமல் இருக்கவேண்டும். கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொண்டு காற்புள்ளி போட்டு முன்னே கொண்டுவரும் மேற்கத்திய வழக்கத்தைக் கண்ணை மூடிக்கொண்டு செய்யவேண்டாம். தலைப்பெழுத்தைப் பின்னால் தள்ளலாம். ‘சுந்தர ராமசாமி’யை ‘ராமசாமி, சுந்தர’ என்று உடைத்தால் அவரைத் தெரிந்தவர்களுக்கே அடையாளம் தெரியாது. பெண் எழுத்தாளர்களில் திருமணத்துக்கு முன் அப்பாவின் தலைப்பெழுத்து, பின்பு கணவருடையது என்று மாறியவர்களும் உண்டு. அதையும் ஆசிரியர் பதிவுதான் கட்டிப்போடவேண்டும்.

வெளிநாட்டு நூலகங்களில் தமிழ் நூல் தேடுகிறவர்களுக்கு ஒரு தகவல். லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் உள்ளிட்ட அமெரிக்க நூலகங்கள் தமிழை ஆங்கில எழுத்தில் பெயர்த்துத்தான் பெரும்பாலும் பட்டியலிடுகின்றன. அவர்கள் முறையில் ‘ச’ எங்கே வந்தாலும் ஆங்கில எழுத்து ‘சி’தான். ஆகவே சாமிநாதையர் ‘எஸ்’ஸில் இல்லை, ‘சி’யில் இருக்கிறார். ‘திரு’வில் தொடங்கும் தலைப்புகளில் நாம் வழக்கமாகப் போடும் ‘எச்’ அங்கே கிடையாது. இது தெரியாமல் ‘அங்கே தமிழ்ப் புத்தகமே இல்லை’ என்று முடிவுகட்டியவர்கள் நிறைய.

பொருள் தலைப்பும் குறிச்சொல்லும்

இரண்டும் ஒன்று என்றுதான் பலர் நினைக்கிறார்கள். ஒரு மாணவர் நாட்டுப்புறப் பாடல் பற்றி ஆய்வு செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு வேண்டிய நூல்களின் தலைப்புகளில் என்னவெல்லாம் இருக்கும்? நாட்டுப்புறப் பாடல், நாட்டார் பாடல், கிராமியப் பாடல், நாடோடிப் பாடல், வாய்மொழிப் பாடல், மக்கள் பாடல். யாழ்ப்பாணத்தில் அச்சான நூல் என்றால் ‘நாட்டார்’ என்பதற்கே வாய்ப்பு அதிகம். பழைய நூல் என்றால் ‘நாடோடி’. தாலாட்டை மட்டும் தொகுத்த நூலிலும், ஒப்பாரியை மட்டும் தொகுத்த நூலிலும் இவற்றில் ஒரு சொல்லும் தலைப்பில் இல்லாமல் போகலாம். ஒரே அலமாரியில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் நூல்கள், தேடலில் ஒன்றையொன்று தெரியாது.

பொருள் தலைப்பு இதற்குத்தான். ஆறு சொல்லில் ஒன்றை, ‘நாட்டுப்புறப் பாடல்கள்’ என்று வைத்துக்கொள்வோம், தேர்ந்து எல்லா நூலுக்கும் அதையே 650இல் எழுதுவது. அதன் கீழே ஊர், காலம் என்று பிரிக்கலாம். தாலாட்டு நூலுக்குத் ‘தாலாட்டுப் பாடல்கள்’. இங்கே நூலாசிரியர் என்ன சொல் பயன்படுத்தினார் என்பது கணக்கே இல்லை. லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் 1898 முதல் இப்படி ஒரு பட்டியலை வளர்த்து வருகிறது. அதிலும் சொற்கள் மாறும். சமையல் நூல்களுக்கு நெடுங்காலம் ‘குக்கரி’ என்றிருந்ததை 2010இல்தான் ‘குக்கிங்’ ஆக்கினார்கள். மாற்றினால் எல்லாப் பதிவிலும் மாற்றவேண்டும், பழையதிலிருந்து புதியதற்கு வழி காட்டவேண்டும். அதனால்தான் அவ்வளவு தயங்குகிறார்கள்.

குறிச்சொல் அப்படிக் கட்டுப்பட்டதல்ல. வாசகர் வாயில் எந்தச் சொல் வருமோ அது. தேர்ந்தெடுக்காத ஐந்து சொற்களையும் குறிச்சொல்லாகப் போடுங்கள், தெம்மாங்கு, கும்மி, நடவுப் பாட்டு என்று உள்ளே இருப்பவற்றையும் போடுங்கள். அட்டைக் காலத்தில் இப்படிச் செய்ய ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் அட்டை அடிக்கவேண்டும். யாருக்கும் பொறுமை இருந்திருக்காது. இன்று அது அரை நிமிட வேலை.

குறிச்சொல்லை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்குப் ‘பரணி’ போதும். சிற்றிலக்கிய வகை தேடுகிறவருக்கு நட்சத்திரப் பலன் வரும், யாருடைய அதிர்ஷ்டத்தையோ பொறுத்து ஊறுகாய்ப் பரணியும் வரும். ‘மாலை’, ‘ஆறு’, ‘திங்கள்’, ‘படி’ எல்லாம் இந்த ஜாதிதான். பொருள் தலைப்பில் ‘பரணி இலக்கியம்’ என்று ஒன்று நின்றால் அந்தக் குழப்பம் இல்லை. கூடவே ஒரு காப்பீடும் கிடைக்கிறது: தலைப்பில் ‘முக்கூடற்பல்லு’ என்று கை தவறியிருந்தாலும், பொருள் கட்டத்தில் ‘பள்ளு இலக்கியம்’ என்று சரியாக இருந்தால் அந்த வழியாக மாணவி போய்ச் சேர்ந்துவிடுவாள். விவரம் நிறைந்த பதிவை ஒரு பிழையால் புதைத்துவிட முடியாது. தலைப்பும் ஆசிரியரும் மட்டும் உள்ள ஒல்லிப் பதிவுதான் ஒரே எழுத்தில் சாகும்.

எனக்கு எரிச்சலூட்டும் பழக்கம் ஒன்று: பொருள் கட்டத்தில் ‘பொது’ என்று எழுதுவது. அடுத்தபடி, ‘தமிழ்’, ‘இலக்கியம்’, ‘நூல்’ என்று எல்லாப் புத்தகத்துக்கும் பொருந்தும் சொற்களை அள்ளிக் கொட்டுவது. தமிழ் நூலகத்தில் ‘தமிழ்’ என்று தேடினால் எல்லாமே வரும். எல்லாம் வருவதும் எதுவும் வராததும் வாசகருக்கு ஒன்றுதான். பூனையைப் பற்றிய புத்தகத்தைப் பூனையின் கீழ் போடு, விலங்கியலின் கீழ் போடாதே என்று கட்டர் உதாரணம் காட்டியே சொல்லியிருக்கிறார்.

கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு

மேலே சொன்ன எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்த பிறகும் தமிழ்ப் பதிவு கிடைக்காமல் போகும். அந்தப் பிழையைக் கண்ணால் பார்க்க முடியாது என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும்.

‘ஔவையார்’ என்று அடிக்க இரண்டு வழி இருக்கிறது. ‘ஔ’ என்ற ஓரெழுத்தை அடிப்பது சரியான வழி. அந்த விசை அகப்படாதவர்கள் ‘ஒ’ அடித்துப் பக்கத்தில் ‘ள’ அடித்துவிடுவார்கள்: ஒளவையார். திரையில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். கணினிக்கு இரண்டாவது, ‘ஒளி’, ‘ஒளவை’ என்று ஒகர வரிசையில் நிற்கும் வேறு சொல். ‘மௌனி’க்கும் இதே சோதனை, ‘மெ’ அடித்து ‘ள’ சேர்த்த ‘மெளனி’ இணையத்தில் எங்கும் இறைந்து கிடக்கிறார். மூன்றாவதாக ‘அவ்வையார்’ என்று எழுதுகிறவர்களும் உண்டு. அது பிழையல்ல, இன்னொரு வழக்கு. அதை ஆசிரியர் பதிவில் ‘இங்கே பார்’ என்று சேர்க்கவேண்டும். ‘ஒள’வை அப்படிச் சேர்க்காமல் திருத்தவேண்டும்.

‘ஸ்ரீ’யும் இரட்டை வேடம். ‘ஸ்’ வைத்தும் அமைக்கலாம், 2005இல் யூனிகோடில் சேர்ந்த ‘ஶ’வை வைத்தும் அமைக்கலாம், பல எழுத்துருக்கள் இரண்டையும் ஒரே உருவமாகவே காட்டும். ‘ஸ்ரீரங்கம்’ ஒரு கணினியில் கிடைத்து இன்னொன்றில் கிடைக்காததற்கு இதுவும் காரணமாக இருக்கும். தமிழ் எண்கள் மற்றொரு பொறி. தலைப்புப் பக்கத்தில் ‘௧௮௮௭’ என்று இருப்பதைப் பார்த்து ‘கஅஅஎ’ என்று எழுத்துகளாக அடித்துவைத்தால், கணினிக்கு அது 1887 இல்லை, எந்த எண்ணும் இல்லை.

யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் ஏற்றிய பட்டியல்கள் இன்னும் பல அலுவலகக் கணினிகளில் உயிரோடு இருக்கின்றன. பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ என்று தெரிவது உண்மையில் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும். எழுத்துருவைக் கழற்றினால் தமிழே இல்லை. இவற்றை மாற்றித்தரும் கருவிகள் இணையத்தில் கிடைக்கின்றன. மாற்றிய பிறகு நூறு பதிவையாவது புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் ஏற்றவேண்டாம். கொம்பும் காலும் இடம் மாறிப்போவதும் ஒற்றுப்புள்ளி உதிர்வதும் அங்கேதான்.

வேறு இடத்திலிருந்து காப்பி செய்து ஒட்டும்போது கண்ணுக்குத் தெரியாத இடைவெளிக் குறிகள் கூடவே வந்துவிடும். பார்க்கச் சரியாக இருந்தும் தேடலில் விழாத சொல்லை முழுதாக அழித்துவிட்டுக் கையால் அடித்துப் பாருங்கள்.

மற்றபடி ல-ள-ழ, ர-ற, ன-ண எல்லோருக்கும் தெரிந்த கதை. ‘குரவஞ்சி’, ‘களம்பகம்’, ‘பரனி’ என்று பொருள் கட்டத்திலேயே விழுந்திருந்தால் அதைக் கண்டுபிடிக்கச் சுலபமான வழி, பொருள் தலைப்புகளை மட்டும் அகரவரிசையில் பட்டியலாக எடுத்துப் பார்ப்பது. ‘கலம்பகம்’ நாற்பது நூலுக்கு இருந்து, ‘களம்பகம்’ ஒரே ஒரு நூலுக்கு இருந்தால் எது தவறு என்று யாரும் சொல்லவேண்டியதில்லை. ஆசிரியர் பெயர்களுக்கும் இதைச் செய்யலாம். தனியாக நிற்கும் பெயர்களில்தான் பிழைகள் ஒளிந்திருக்கும்.

வாசகர்களுக்கு ஓர் உபாயம். ‘தமிழ்ச் சிறுகதை’, ‘தமிழ்ப் பண்பாடு’ என்று ஒற்று ஒட்டிக்கொள்வதால் ‘தமிழ்’ என்ற தேடலில் அவை விழாமல் போகலாம். பல மென்பொருள்களில் சொல்லின் கடைசியில் நட்சத்திரக் குறி போட்டால் அதற்கு மேல் என்ன வந்தாலும் எடுத்துக்கொள்ளும். புள்ளியையும் விட்டு ‘தமிழ*’ என்று நிறுத்தினால் தமிழ், தமிழ்ச், தமிழர், தமிழில் எல்லாம் வரும். ‘மர*’ என்று நிறுத்தினால் மரம், மரங்கள், மரத்தின் வரும். மரணமும் மரபும் கூட வரும். எங்கே நிறுத்துவது என்பது பழக்கத்தில் பிடிபடும்.

சிறிய நூலகத்துக்கு மார்க் எல்லாம் வேண்டுமா என்றால், வேண்டாம். எக்செல்லில் பத்துப் பன்னிரண்டு பத்திகள் போதும். ஆனால் தலைப்புக்கு ஒன்று, தலைப்பின் வேறு வடிவங்களுக்கு ஒன்று, ஆசிரியருக்கு ஒன்று, உரைகாரர்-பதிப்பாசிரியர்-மொழிபெயர்ப்பாளருக்கு ஒன்று, பொருளுக்கு ஒன்று, குறிச்சொல்லுக்கு ஒன்று என்று தனித்தனியாக இருக்கட்டும். ஆசிரியர் பெயரும் பொருளும் கையால் அடிக்காமல், முன்பே எழுதிய பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும்படி வைத்துவிட்டால் பாதிப் பிழை பிறக்கவே பிறக்காது. எல்லாவற்றுக்கும் முன்னால் ஓர் எண். எண்ணுக்கு ல-ள தகராறு கிடையாது. 2005இல் தொடங்கிய ஈழத்து எண்ணிம நூலகமான நூலகம் திட்டம் ஒவ்வோர் ஆவணத்துக்கும் நூலக எண் கொடுத்திருப்பதால், தலைப்பை யார் எப்படி எழுதினாலும் எண்ணைச் சொல்லி அதே ஆவணத்தை எடுத்துவிடலாம்.

பதிவைச் சேமித்ததும் வேலை முடியவில்லை. வாசகர் பார்க்கும் திரையைத் திறந்து, புத்தகத்தைப் பார்க்காமல், நீங்களே தேடிப் பாருங்கள்: தலைப்பைச் சேர்த்தும் பிரித்தும், ஆசிரியரைப் புனைபெயரிலும் இயற்பெயரிலும், பொருளை உங்கள் ஊரில் சொல்லும் சொல்லிலும். வராத வடிவத்தை அதற்குரிய கட்டத்தில் சேருங்கள். முடிவே வராத தேடல்களைப் பதிந்துவைக்கும் வசதி உங்கள் மென்பொருளில் இருந்தால், மாதத்துக்கு ஒருமுறை அந்தப் பட்டியலை அச்செடுத்துக்கொண்டு உட்காருங்கள். அடுத்து சேர்க்கவேண்டிய குறிச்சொற்களை வாசகர்களே அங்கே எழுதித் தந்திருப்பார்கள்.